குதிரைக்குச் சத்து எதில்: தவிட்டிலா, டப்பாவிலா, குதிரை மசாலிலா?

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த பெண் குதிரைக்கு முதல் ஒரு வருஷம் நான் போட்ட தீவனம் இதுதான்: காலையில் ஒரு கிலோ கொள்ளை வேகவைத்து, இரண்டு கிலோ கோதுமைத் தவிட்டோடு பிசைந்து வைப்பேன். மற்ற நேரமெல்லாம் மாட்டுக்கு அறுக்கிற கோ-4 என்கிற கம்பு நேப்பியர் புல். வயிறு நிறைந்தது, உடம்பும் தேறியது. ஆனால் ஒரு நாள் வலது முன்னங்காலை நொண்டும், நாலு நாள் கழித்து இடது பின்னங்காலை. லாடம் அடிப்பவர் குளம்பில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒரு காலை தலைக்கயிறு மாட்டும்போது, கண்ணுக்குக் கீழே மூக்கெலும்பின் இரண்டு பக்கமும் மேடாகக் கையில் தட்டுப்பட்டது. கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன புல் போடுறீங்க?"

எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், கரைகிற நோய் இது. பழியை எல்லோரும் கொள்ளின் மேல்தான் போடுகிறார்கள். கொள்ளு பாவம். ஒரு கிலோவில் சுண்ணாம்புச்சத்து, பாஸ்பரஸ் இரண்டுமே ஏறக்குறைய 3 கிராம். கெடுப்பது தவிடு. 2 கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, கால்சியம் 3 கிராம் கூடத் தேறாது. வேலையில்லாமல் நிற்கிற 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் கால்சியமும் 11 கிராம் பாஸ்பரஸும் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 அட்டவணை. மொத்தத் தீவனத்தில் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸுக்கு மேலே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் உடம்பு எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து முகம் வீங்கும். அதனால்தான் இந்த நோயில் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருப்பதுபோல் வரும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கோ-4 புல் இதை இன்னும் மோசமாக்குகிறது. கம்பு நேப்பியர் வகைகளில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. புல்லில் இருக்கிற கால்சியத்தை ஆக்சலேட் கட்டிப்போட, அது சாணத்தோடு வெளியே போய்விடும். ஊட்டிப் பக்கம் மேய்கிற கிகுயு புல்லிலும் இதே தொல்லை உண்டு. மாடு தின்று கொழுக்கிறதே, குதிரைக்கென்ன என்று நினைத்தது என் தப்பு. அருகம்புல்லில் ஆக்சலேட் குறைவு. பயமில்லாமல் போடலாம்.

சரி, டப்பா வழிக்கு, அதாவது கடையில் விற்கிற சத்துகளுக்கு வருவோம். கடையில் கையில் கிடைக்கிறது மாட்டுத் தாது உப்புக் கலவை. விலையும் குறைவு. ஆனால் அளவெல்லாம் மாட்டுக்குக் கணக்குப் பார்த்தது. பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும், தவிடு தின்கிற குதிரைக்கு அது வேண்டவே வேண்டாம். கலவையோடு மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ வைத்துவிடாதீர்கள். அவற்றில் மோனென்சின் கலந்திருக்கலாம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து குதிரையின் இதயத் தசையைக் குலைத்துக் கொன்றுவிடும்.

குதிரைக்கென்றே வருகிற குருணைத் தீவனம் நல்லதுதான், பந்தயக் குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் நான் அதையே சொல்வேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மூட்டையில் போட்டிருக்கிற முழு அளவைத் தின்றால்தான் அதில் சொன்ன தாதுக்கள் முழுசாகக் கிடைக்கும். மூன்று கிலோ என்று எழுதியிருக்க, ஆசைக்கு இரண்டு கைப்பிடி போட்டால் தவிட்டின் கணக்கு மாறாது. அது போதாதென்று மேலே ஒரு பொடி, ஒரு ஊசி என்று அடுக்குவது அதைவிட ஆபத்து. செலினியம் என்கிற தாது அந்த 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம் கூட வேண்டாம். கூடினால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும், குளம்பு வெடிக்கும். 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்து விழுந்தது, ஊசி மருந்தில் செலினியம் அளவு தப்பிப் போனதால்தான்.

ரத்தம் ஊற என்று இரும்பு டானிக் வாங்குவதும் வீண். புல்லிலேயே தேவைக்கு மேல் இரும்பு கிடைக்கிறது. பி வைட்டமின்களைப் பெருங்குடல் நுண்ணுயிர்களும், சி வைட்டமினைக் கல்லீரலும் தயாரித்துக்கொள்ளும். வெயிலில் நிற்கிற குதிரைக்கு டி பற்றியும் கவலையில்லை. வைட்டமின் ஈ மட்டும் வேறு கதை. பச்சையில் நிறைய உண்டு, காய்ந்தால் போய்விடும். நகரத்து லாயத்தில் வருஷம் முழுக்க உலர்புல் தின்கிற குதிரைக்கு ஈ பொடி வாங்குவதில் தப்பே இல்லை.

மூன்றாவது வழிதான் நான் இப்போது போவது: குதிரை மசால், லூசர்ன் என்கிற பசுந்தீவனம். பேரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் அதை ஆட்டுக்குப் போடுகிறோம். பச்சையாகப் பத்து கிலோ, காய்ந்த கணக்கில் 2 கிலோ, போட்டால் 25 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் கிடைக்கிறது. தவிட்டை அரைக் கிலோவாகக் குறைத்து, கொள்ளை அப்படியே வைத்தேன். மூன்றையும் கூட்டினால் கால்சியம் பாஸ்பரஸைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு. வயிற்றை நிறைக்க அருகம்புல். மசால் கிடைக்காத மாதத்தில் தீவனத் தர சுண்ணாம்புக்கல் தூள் 40 கிராம், அதில் 15 கிராம் கால்சியம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இல்லை, அது வாயை வேகவைத்துவிடும். டிசிபி என்கிற டைகால்சியம் பாஸ்பேட்டும் வேண்டாம், அதில் பாஸ்பரஸ் சேர்ந்தே வருகிறது.

இதோடு சாப்பாட்டு உப்பு 20 கிராம், வேர்த்து வேலை செய்த நாளில் கூடவே. நக்குகிற உப்புக் கட்டியை நம்பாதீர்கள். மாட்டின் நாக்கு அரம், குதிரையின் நாக்கு வழுவழுப்பு. தூளாகத் தீவனத்தில் கலந்தால்தான் முழுசாக உள்ளே போகும்.

நொண்டல் இரண்டு மாதத்தில் நின்றது. முகத்து மேடு பாதிதான் வற்றியிருக்கிறது. அது முழுக்கப் போகாது என்று மருத்துவர் முன்னமே சொல்லிவிட்டார்.