ஜிம்மா, வாட்ச்சா, கூட நடக்க ஓர் ஆளா?

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இதற்குள் ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பார்த்தேன், அடி எண்ணும் வாட்ச் கட்டிப் பார்த்தேன், கூட நடக்க ஓர் ஆளையும் பிடித்துப் பார்த்தேன். இன்று வரை என்னை எழுப்பிக்கொண்டிருப்பது கடைசி வழிதான்.

உடம்புக்கு மூன்றுமே நல்லதுதான். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். எப்படியும் எட்டிவிடலாம். நான் பார்க்கச் சொல்வது வேறு: ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் என்ன ஆகிறது? காய்ச்சல், கல்யாணம், மழை என்று ஏதாவது வரத்தான் செய்யும்.

பணம் கட்டினால் கட்டாயம் போவோம் என்று நம்பித்தான் ஜிம்மில் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் விட்டது. கட்டிய காசு கட்டியதுதான் என்று மனசு ஆறிவிட்டது, கால் எழும்பவில்லை. அமெரிக்க ஜிம்களைப் பற்றி 2006-இல் வந்த ஓர் ஆய்விலும் இதே கதைதான். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்தில் சராசரியாக நாலு தடவைக்குக் கொஞ்சம் கூடத்தான் போயிருக்கிறார்கள்.

வாட்ச் முதலில் நன்றாகவே விரட்டியது. ஆனால் 23 நாள் தொடர்ச்சி அறுந்து பூஜ்யம் காட்டிய காலையில் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். அது தினமும் கேட்ட பத்தாயிரம் அடிக் கணக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

அப்புறம்தான் தெப்பக்குளம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஐந்தரைக்கு கிழக்குப் பக்கம் அண்ணன் ஒருவர் நிற்பார், ஓய்வுபெற்ற கண்டக்டர். தலையில் துண்டு, கையில் சாவிக்கொத்து. அந்தச் சாவிச் சத்தம் கேட்டாலே என் நடை வேகம் பிடிக்கும். மூன்று சுற்று, நாற்பது நிமிடம். நான் ஒரு நாள் போகவில்லை என்றால் மறுநாள், “என்ன தம்பி, நேத்து காணோம்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சுற்று ஓடியிருக்கும். விட்ட நாள் அங்கேயே கழிந்துவிடும்.

லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு செயல் பழக்கமாக நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. திரும்பி வருவதுதான் சிரமம், அதற்கு எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

சரி, இதிலும் குறை உண்டு. தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள் தனிப் பயிற்சி வேண்டும், நடை மட்டும் போதாது. அதற்கு ஜிம்தான் தோது. தனிப் பயிற்சியாளர் வைத்துக்கொண்டால் அவரே இப்படி விசாரிக்கக்கூடும், நான் வைத்துப் பார்த்ததில்லை. கூட்டாளி ஊரில் இல்லாவிட்டாலும் சிக்கல்தான். போன மாதம் அண்ணன் தன் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் ஐந்தரைக்கு போன் அடித்தது: “குளத்துல தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பாத்துச் சொல்லு தம்பி.”