வயிற்றுக்குள் கல்: எந்த வார்டில் சேர்ப்பது?

"வயித்துக்குள்ள கல்லு வச்சிட்டாங்க" என்று தம்பி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மனச்சிதைவு நோய்க்குப் பல வருடமாக மருந்து சாப்பிடுகிறவன், சுவருக்குக் காது முளைத்திருக்கிறது என்று முன்பு சொன்னவன். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான்காம் நாள் அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு மேளம் மாதிரி விறைத்திருந்தது. அவசரப் பிரிவிலும் (எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்) பழைய சீட்டைப் பார்த்ததும் "மனநல கேஸ்" என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். வயதான மிஸ்ஸி (தாதி) ஒருவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். மனச்சிதைவுக்கு அவன் சாப்பிடும் குளோசபின் என்ற மருந்து குடலை மந்தமாக்கும். மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கல் என்று அவன் சொன்னது கிட்டத்தட்ட சரிதான்.

மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மூன்று வழி உண்டு. பெரியாஸ்பத்திரியின் பொது வார்டு, மனநல வார்டு, அல்லது தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள மனநல மருத்துவமனை. ஒவ்வொரு சமயத்தில் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. தனியார் மருத்துவமனையில் முன்பணம் எவ்வளவு என்று கேட்டதோடு திரும்பிவிட்டோம்.

பொது வார்டில் உடம்பை நன்றாகப் பார்க்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை மருத்துவர் எல்லாம் பக்கத்திலேயே. குறை வேறு இடத்தில். மனநல மருத்துவர் கூப்பிட்டால்தான் வந்து பார்ப்பார். அதுவரை மருந்து யார் பொறுப்பு என்பது அந்தரத்தில் நிற்கும். குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று டாக்டர் கேட்டபோது நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இன்னொன்று, தம்பி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுகிறவன். புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். வார்டில் திடீரென்று புகை நின்றால் அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். எந்நேரமும் தூங்கி வழிவான், வாயில் எச்சில் ஒழுகும். இதையெல்லாம் வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், சீட்டில் இருக்காது.

மனநல வார்டில் இந்தத் தலைவலி கிடையாது. குளோசபினின் முதல் 18 வாரமும் வாரம் தவறாமல் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ண வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கதவு பூட்டியிருக்கும். இடுப்பு வார், போன் சார்ஜர் வயர் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூடத் தங்க முடியாது, பார்க்கும் நேரத்தோடு சரி. சர்க்கரையோ காய்ச்சலோ ஏறினால் பொது மருத்துவரைக் கூப்பிட்டுத்தான் காட்ட வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே இந்த நாட்டில் வசைச்சொல். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இப்போது பஹாகியா, அதாவது மகிழ்ச்சி என்று பெயர். பெயரை மாற்றியும் ஊர் வாய் மாறவில்லை. போய்ப் பார்த்தவன் சொல்கிறேன், நாங்கள் பயந்த மாதிரி இல்லை. மரங்கள், அகலமான வளாகம், நோயாளியோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கும் ஆட்கள். மருந்து மறுத்து வீட்டில் அடிதடி வரை போனவனை எங்கே சேர்ப்பது என்றால் என் பதில் இதுதான். அவன் சம்மதிக்காவிட்டாலும், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உறவினர் மனுவும் மருத்துவர் பரிந்துரையும் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் வயிறு விறைத்த அன்று அங்கே கொண்டுபோயிருந்தால், அறுவை டாக்டரைத் தேடி ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பியிருப்பார்கள். போகும் நேரம் வீண்.

அதனால் என் கணக்கு, காய்ச்சல், வாந்தி, விறைத்த வயிறு, திடீர்க் குழப்பம் என்றால் முதலில் பொது வார்டு. நேற்றுவரை ஆளை அடையாளம் தெரிந்தவன் இன்று காலை தேதியும் இடமும் தெரியாமல் உளறினால், அது பழைய நோய் என்று நினைக்க வேண்டாம். கிருமியோ உப்புக் குறைவோ காரணமாக இருக்கலாம். உடம்பு தேறிய பிறகு மற்ற இரண்டில் எது என்று பேசிக்கொள்ளலாம்.

துணைக்கு யார் என்பதும் ஒரு பெரிய கேள்வி. "நானே பாத்துக்கிறேன்" என்றார் அம்மா. ஆண்கள் வார்டில் இரவு பெண்களை விடவில்லை. பகலில் இருந்தவரும் இரண்டாம் நாளே தன் சர்க்கரை மாத்திரையை மறந்து மயங்கி உட்கார்ந்தார். பிறகு முறை வைத்துக்கொண்டோம். இரவில் செம்பனை ஆலை வேலை முடித்து நான், மறுநாள் லாரி ஓட்டும் மச்சான், மதியம் கஞ்சியோடு அம்மா. கைமாறும்போது விஷயம் தொலைந்துபோகும் என்பது முறை வைப்பதில் உள்ள குறை. அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று தலைமாட்டில் வைத்தோம். மாத்திரை நேரம், மலம் போனானா, என்ன சாப்பிட்டான், டாக்டர் சொன்னது. மச்சான் கையெழுத்து எனக்குப் புரியாது, அது வேறு கதை.

இப்போது தம்பி மாதம் ஒரு முறை தஞ்சோங் ரம்புத்தானுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறான். போகும் காலையில் லயத்துப் பெண்கள் "எங்க கெளம்பிட்டீங்க?" என்றால் அம்மா "ஈப்போவுக்கு" என்பார். ஈப்போவும் அந்தப் பக்கம்தானே.