டிஷியனா ஸ்ப்ராங்கரா? ரெண்டு முதுகு, ரெண்டு காதல்

இத்தாலிய ஓவியர் டிஷியனோட ‘வீனஸும் அடோனிஸும்’ ஓவியம், 1554, மாட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கே, அதுல முதுகு காட்டி உக்காந்திருக்கிற காதல் தேவதை வீனஸ், வேட்டைக்குக் கிளம்புற காதலன் அடோனிஸ இறுக்கிப் பிடிக்கிறா, அவன் கையில ஈட்டியும் நாய்க் கயிறும், பாக்கவே மனசு பதறுது.

ஃப்ளெமிஷ் ஓவியர் ஸ்ப்ராங்கர் 1585 வாக்குல வரைஞ்ச ‘ஹெர்குலிஸும் ஓம்பாலியும்’ வியன்னாவுல, வெறும் 24 செ.மீ. உயர செப்புத் தகடு. இங்கயும் முதுகுதான், ஆனா இந்த ராணி ஓம்பாலி யாரையும் பிடிச்சு வைக்கல, ஹெர்குலிஸோட சிங்கத்தோலப் போர்த்தி அவனோட கதாயுதத்தத் தோள்ல சாத்திக்கிட்டு நம்மளத் திரும்பிப் பாக்குறா, அவகிட்ட அடிமையா இருக்கிற அந்த மாவீரன் பொம்பள டிரஸ்ல நூல் நூத்துக்கிட்டிருக்கான்! திருகின இடுப்பு, வழவழன்னு தோல், பின்னாடி விரல்ல கொம்பு மாதிரி காட்டிக் கேலி பண்ற கிழவி, மேனரிசம்னு சொல்ற, உடம்ப வேணும்னே திருகி நளினமாக் காட்டுற 16ஆம் நூற்றாண்டு பாணி புரிய இது ஒண்ணு போதும்.

அழ வைக்கிறது டிஷியன்தான், ஆனா நான் திரும்பத் திரும்ப ஜூம் பண்றது அந்தக் கிழவி விரலத்தான்.