மக்காச்சோளம் போடுகிறவர்கள் 'சோலார் கேமரா பொறி' வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படைப்புழுவைக் கண்காணிக்கும் சோலார் கேமரா பொறி என்று சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனி ஆட்கள் ஊர் ஊராக வருகிறார்கள். போன புரட்டாசிப் பட்டத்தில் எங்கள் ஊரில் நாலைந்து பேர் வாங்கினோம். ஒன்று 18,500 ரூபாய். புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இதே பெட்டி அடுத்த பட்டத்துக்கு வேறு ஸ்டிக்கரோடு வரும்.

எதற்காக வாங்கினோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016ல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018ல் கர்நாடகம் வந்து, அதே வருஷம் நம் காட்டுக்கும் வந்துவிட்டது. அந்த வருஷத்துச் சேதத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தாய் அந்துப்பூச்சி ராத்திரியில் பறந்து வந்து இலையில் குவியல் குவியலாக முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுப்புழு இலையைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மருந்து பட்டால் சாகும். குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தலைக்கு மேல் அடைத்துக்கொண்ட பிறகு டேங்க் டேங்காக அடித்தாலும் உள்ளே இறங்காது. ஆகவே அந்துப்பூச்சி எந்த ராத்திரி வந்தது என்ற தகவலுக்குப் பணம் கொடுக்கலாம், தப்பில்லை. அதைத்தான் விற்றார்கள்.

கூட்டம் போட்டு டிவியில் காட்டினார்கள். கம்பத்தில் சின்ன சோலார் தகடு, கீழே கூரை வைத்த பெட்டி, உள்ளே அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிக் குப்பி, ஒட்டும் அட்டை, அட்டையைப் பார்த்தபடி கேமரா. தினம் காலையில் அட்டையின் படமும் பூச்சிக் கணக்கும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். "காட்டுக்கே போக வேண்டாம் ஐயா, கட்டில்ல படுத்துக்கிட்டே பார்க்கலாம்" என்றார் வந்த பையன். பாதித் தொகை மானியமாகத் திரும்பி வரும் என்று சிட்டா, அடங்கல், ஆதார் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். பணம் மட்டும் முழுசாக முன்னாலேயே, அதுவும் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. பில் கேட்டதற்குக் கொட்டேஷன் தாளில் 'பெறப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது.

பொறி நட்ட மறுநாளிலிருந்து தவறாமல் செய்தி வந்தது. படம், கீழே 'பூச்சி 2. பாதுகாப்பான நிலை' என்று பச்சைக் கட்டத்தில் ஒரு வரி. சில நாள் 3, சில நாள் 1. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. செய்தி மட்டும் ஆறு மணி அடித்தால் வந்து நின்றது. மின்சாரமே இல்லாத கேமரா எப்படிப் படம் பிடிக்கிறது?

பக்கத்துக் காட்டுக்காரர் என் பங்காளிதான். அவருக்கும் இதே பொறி. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய படத்தில் இடது மூலையில் ஒரு அந்துப்பூச்சி, வலது இறக்கையின் நுனி பிய்ந்து அரைவட்டமாக ஓட்டை. என் படத்திலும் அதே மூலை, அதே ஓட்டை. என் படத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். காட்டில் போய்ப் பெட்டியைத் திறந்தால் என் அட்டையில் அந்துப்பூச்சியே இல்லை. மழையில் தெறித்த கரிசல் மண்ணும், ஒட்டிச் செத்த கட்டெறும்புகளும், ஒரு காய்ந்த புல்லும் இருந்தன. அனுப்பிய எந்தப் படத்திலும் மண்ணும் இல்லை, புல்லும் இல்லை.

அன்றே குருத்துகளைப் பிரித்துப் பார்த்தோம். இலை விரியும்போது வரிசை வரிசையாக ஓட்டை. உள்ளே ஈர எச்சம், அதற்கடியில் தலையில் தலைகீழ் ஒய் போட்ட புழு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. சந்தேகமே இல்லை, படைப்புழு. விதைத்துப் பதினைந்து இருபது நாளில் பத்து லிட்டருக்கு 4 கிராம் எமாமெக்டின் அடித்திருந்தால் அடங்கியிருக்கும். பச்சைக் கட்டம் அந்தச் சமயத்தைத் தின்றுவிட்டது. அப்புறம் விலை கூடின மருந்தாக இரண்டு தடவை அடித்தும் கதிர் திரளவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். முதலில் "சர்வர்ல வேலை நடக்குது ஐயா" என்றார்கள். ஓட்டை இறக்கையைச் சொன்னதும் பேச்சு மாறியது.

"அது சாம்பிள் படம் ஐயா. கணக்கு மட்டும்தான் உங்க பொறியோடது."

"கேமராவே ஓடலியேப்பா, கணக்கு எப்படி வந்துச்சு?"

லைன் கட். அதற்குப் பிறகு அந்த எண் எங்கள் யாருக்கும் எடுக்கவில்லை.

பங்காளியின் மகன் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இது நாங்க காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்குற ஈஎஸ்பி32 கேமரா, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்தான்" என்றான். கேமரா போர்டைத் தவிர இருந்தது ஒரு சின்ன பேட்டரியும் சிம் போடும் மோடமும்தான். எனக்கு வந்த பெட்டியில் சிம் போடும் இடம் காலி. அவன் அப்பாவின் பெட்டியில் சிம் இருந்தது, ஜியோ சிம். ஆனால் சொருகியிருந்த மோடம் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான், எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மானிய விஷயத்தை வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டோம். இந்தக் கருவிக்கு எங்கள் வட்டாரத்தில் எந்தத் திட்டமும் இல்லை என்றார். ஆக, சிட்டாவும் ஆதாரும் எதற்கு வாங்கினார்கள் என்பது தனிக் கவலை.

கேமரா பொறியே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஆப்பிள் தோட்டங்களில் இப்படிப்பட்ட பொறிகள் நிஜமாகவே ஓடுகின்றன. ஆனால் உண்மையான கருவியாகவே இருந்தாலும் இனக்கவர்ச்சிக்கு வருவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். முட்டை வைப்பது பெண். பொறியில் விழுந்ததை வைத்து, பூச்சி நடமாட்டம் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், செடியில் எவ்வளவு சேதம் என்று தெரியாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018ல் படைப்புழுவுக்கென்றே விட்ட செயலிகூட, மனிதர் காட்டில் நடந்து செடியைப் பார்த்துப் பதிவதை வைத்துத்தான் வேலை செய்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். அட்டை தூசி படிந்தால் மாற்ற வேண்டும், குப்பியையும் மாதம் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். எங்களுக்கு மாற்று அட்டையும் தரவில்லை, குப்பியும் தரவில்லை.

யாராவது விற்க வந்தால் பணம் கொடுக்கும் முன் அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, "இப்பவே ஒரு படம் அனுப்பச் சொல்லு" என்று கேளுங்கள். எழுத்து படத்தில் வர வேண்டும். சோலார் தகட்டைச் சாக்கால் மூடி இரண்டு நாள் விடுங்கள். நம் மானாவாரி மக்காச்சோளம் குருத்து விடும் காலமே மழைக்காலம், வெயில் இல்லாமல் ஓடாத கருவி நமக்கு எதற்கு? சிம் யாருடையது, உங்கள் காட்டில் அந்த டவர் எடுக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போடுங்கள், ஜிஎஸ்டி பில் கையில் வந்த பிறகு.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விவசாயி நுகர்வோர் இல்லை என்று கம்பெனிக்காரர்கள் வாதாடிப் பார்ப்பார்கள். விதை வழக்கு ஒன்றில் 2012லேயே உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் கொடுக்கலாம், நாங்கள் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம்.

வலது இறக்கை நுனியில் ஓட்டை விழுந்த அந்துப்பூச்சிப் படம் உங்கள் போனுக்கும் வந்திருந்தால், எந்தத் தேதியில் எந்த ஊருக்கு வந்தது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாய்தாவில் அதையும் சேர்த்துவிடுகிறோம்.