எந்தப் புகையில்லா பஸ் சரி? டியூட்டி பட்டியலை வைத்து ஓர் அலசல்

புகையில்லா பஸ்களை ஒப்பிடும் அட்டவணைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், பேட்டரி எத்தனை யூனிட், விலை என்ன, உத்தரவாதம் எத்தனை ஆண்டு. அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எப்போது இறங்கி ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்ற வரி மட்டும் அதில் இருக்காது. டீசல் காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. காலையில் டேங்கை நிரப்பினால் பஸ் ராத்திரி வரை ஓடும், ஓட்டுநர்தான் மாறுவார். இப்போது பஸ்ஸுக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது. இரண்டு பேரின் ஓய்வும் ஒரே நேரத்தில் அமைந்தால் பிழைத்தோம். அமையாவிட்டால் கூடுதலாக ஒரு பஸ் வாங்க வேண்டும், அல்லது கூடுதலாக ஒரு ஆள் போட வேண்டும். எந்தத் தொழில்நுட்பம் ஓரிடத்தில் நிலைக்கும் என்பதைப் பேட்டரியைவிட இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

மாறுவதா வேண்டாமா என்ற பேச்சு பல இடங்களில் முடிந்துவிட்டது. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிய நகரப் பேருந்துகளில் 90 சதவீதம் 2030 முதலும், அத்தனையும் 2035 முதலும் புகையில்லாதவையாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பொதுப் போக்குவரத்து நிறுவனங்கள் 2029 முதல் வேறு வகை பஸ் வாங்க முடியாது. லண்டன் 2034-ஐக் கெடுவாக வைத்திருக்கிறது. ஆகவே மிச்சமிருக்கும் கேள்வி, எது என்பதுதான்.

இன்னொரு பக்கம் வேலை நேர விதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விதி, 4.5 மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட வழக்கமான தடங்களுக்கு அது பொருந்தாது, அங்கே அந்தந்த நாட்டுச் சட்டம். பிரிட்டனின் உள்நாட்டு விதியில் 5.5 மணி நேரத்துக்கு 30 நிமிடம். அமெரிக்கக் கூட்டாட்சி விதி பயணிகள் வாகன ஓட்டுநருக்கு 10 மணி நேரம் ஓட்டலாம் என்கிறது, பணி நேரம் மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இவை எதையும் பேட்டரியை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் இன்று பேட்டரி இந்த எண்களுக்குள்தான் ஓட வேண்டும்.

ராத்திரி பணிமனையில் சார்ஜ்

பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் தொடுவது இதைத்தான். ராத்திரி பஸ் பணிமனைக்கு வருகிறது, வயரைச் செருகுகிறார்கள், விடியற்காலை நிறைந்த பேட்டரியோடு போகிறது. ஓட்டுநரின் வேலையில் எதுவும் மாறுவதில்லை. சார்ஜ் என்பது அவர் வீட்டில் தூங்கும்போது நடக்கும் விஷயம்.

350 யூனிட் பேட்டரியில் 80 சதவீதம்தான் நடைமுறையில் பயன்படுத்துவார்கள். 12 மீட்டர் பஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 யூனிட் எடுக்கும் என்றால் 230 கிலோமீட்டர் வரும். கடுங்குளிரில் உள்ளே ஹீட்டர் ஓடத் தொடங்கினால் 200-க்குக் கீழே இறங்கிவிடும். 2024 ஜனவரியில் அடித்த குளிரில் ஆஸ்லோவில் மின்சார பஸ் நடைகள் ரத்தானது செய்தியானது. அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ஓடும் தடத்துக்கு இது போதாது. அப்போது மதியம் பஸ்ஸை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு ஓட்டுநர் சார்ஜ் தீர்ந்த பஸ்ஸைப் பணிமனைக்கு ஓட்டிப்போய் இன்னொன்றை எடுத்து வர வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் பயணி யாரும் ஏறுவதில்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஓட்டிய நேரம்தான். 4.5 மணிக் கணக்கிலோ 5.5 மணிக் கணக்கிலோ அதுவும் சேரும்.

இதற்கு நிர்வாகங்கள் விரும்பிக் கண்டுபிடிக்கும் விடை, பிரித்த டியூட்டி. காலை நெரிசலுக்கு ஒரு பகுதி, மாலை நெரிசலுக்கு ஒரு பகுதி, நடுவில் பஸ் சார்ஜில் நிற்கட்டும். காகிதத்தில் இதைவிட அழகான பொருத்தம் கிடையாது. ஆனால் அந்த நடு நேரத்தில் ஓட்டுநர் எங்கே போவார்? வீடு தூரம், பணிமனையில் பெஞ்சு. கையில் வருவது எட்டு மணிச் சம்பளம், கழிவது பதின்மூன்று மணி நேரம். தொழிற்சங்கங்கள் பிரித்த டியூட்டியைக் குறைக்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கும் இடங்களில், மதிய சார்ஜை நம்பி பேட்டரியின் அளவைக் குறைப்பது பின்னால் கழுத்தைப் பிடிக்கும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் பிரித்த டியூட்டிக்கு ஓர் உச்சவரம்பு வந்தால் போதும், வாங்கிய பஸ்களின் எண்ணிக்கையே பற்றாது.

பணிமனைக்குள்ளும் வேலை மாறுகிறது. 100 பஸ், ஒவ்வொன்றுக்கும் 250 யூனிட், ஆறு மணி நேரம் என்றால் சராசரியாக 4 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கும் இடம் அது. 2021 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பணிமனையில் பிடித்த தீயில் 25 பஸ்கள் எரிந்தன. சார்ஜில் நின்ற ஒரு மின்சார பஸ்ஸிலிருந்து தீ தொடங்கியது என்று விசாரணையில் சொல்லப்பட்டது. பஸ்களை ஒட்டி ஒட்டி நிறுத்தும் பழைய பழக்கத்துக்கு அதுதான் சரியான எச்சரிக்கை. பஸ்ஸில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயரைத் தொட அதற்கான பயிற்சி வேண்டும். டீசல் எஞ்சினைக் காதால் கேட்டே பழுது சொல்லும் மெக்கானிக்குக்கு ஐம்பது வயதில் மறுபடியும் வகுப்பறை. அந்தப் பயிற்சி நேரம் சம்பளத்தோடு கூடியதா, சொந்த நேரத்திலா என்பது டெண்டரில் இருக்காது, தகராறில்தான் வரும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை எடுக்க மறுக்கும் உரிமை சட்டமாகியிருக்கிறது. மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை அது செல்லும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சார்ஜர் செத்துப்போய், காலை டியூட்டியை மாற்றி அமைக்க ஓட்டுநரைப் போனில் பிடிக்கும் வழக்கம் இனி அவ்வளவு சுலபமல்ல. மாற்று ஆளும் மாற்று சார்ஜரும் முன்னாலேயே இருக்க வேண்டும்.

கடைசி நிறுத்தத்தில் வேக சார்ஜ்

இங்கேதான் ஓட்டுநரின் ஓய்வும் பஸ்ஸின் ஓய்வும் நேருக்கு நேர் மோதுகின்றன.

யோசனை எளிது. சின்ன பேட்டரி, ஆனால் ஒவ்வொரு நடை முடிவிலும் மேலிருந்து ஒரு கை வந்து பஸ்ஸின் கூரையைத் தொட்டுச் சில நிமிடம் ஊட்டும். நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையப் பகுதியில் 2018-ல் 100 பஸ்கள் இந்த முறையில் ஓடத் தொடங்கின, அங்கே 450 கிலோவாட் சார்ஜர்கள். ஆறு நிமிடம் நின்றால் 45 யூனிட், அதாவது முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஜெனீவாவின் 23-ஆம் தடத்தில் இன்னும் வேகம். பயணிகள் ஏறி இறங்கும் 15, 20 நொடியில் 600 கிலோவாட்டில் ஒரு மின்னல்வெட்டுச் சார்ஜ். வழியில் ஏறும் அந்த சார்ஜ் ஓட்டுநரின் ஓய்வைத் தொடுவதில்லை என்பதால் எனக்கு ஜெனீவா முறை பிடிக்கும். ஆனால் வழியில் பல நிறுத்தங்களில் அவ்வளவு மின்கட்டமைப்பைப் போட எல்லா நகரத்துக்கும் கை வராது.

முனையத்தில், அதாவது கடைசி நிறுத்தத்தில், போடும் சாதாரண சார்ஜில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் சார்ஜர் கம்பத்துக்கு நேர் கீழே, குறித்த கோட்டில் பஸ்ஸை நிறுத்துகிறார். கைபிரேக். பட்டன். மேலே கை இறங்குகிறது. திரையில் சார்ஜ் ஏறுகிறது என்று வரும் வரை காத்திருக்கிறார். சில சமயம் வராது, அரை அடி முன்னால் எடுத்து மறுபடி முயல வேண்டும். கிளம்பும்போது கை மேலே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஜெர்மன் விதியைப் பாருங்கள். அங்கே நகரத் தடங்களில் 4.5 மணி நேரத்துக்குப் பிறகு முழுதாக 30 நிமிடம் கொடுப்பதற்குப் பதிலாக, முனையத்தில் நிற்கும் நேரங்களைக் கூட்டிக் காட்டலாம். மொத்தம் ஓட்டும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஆனால் 10 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தம் கணக்கில் சேராது, கூட்டு ஒப்பந்தம் இருந்தால் 8 நிமிடம் வரை குறைக்கலாம். பத்து நிமிட நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் சார்ஜ் வேலை என்று கணக்கிட்டால், மிச்சம் எட்டு. ஒப்பந்தம் இல்லாத நிறுவனத்தில் அது எட்டு நிமிடம்கூட அல்ல, பூஜ்யம். அந்த நிறுத்தமே ஓய்வுக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. நாள் முழுக்க இப்படி விழுந்தால் டியூட்டி பட்டியலே சட்டப்படி செல்லாது.

அதுவும் பஸ் நேரத்துக்கு வந்தால்தான். நெரிசலில் ஏழு நிமிடம் தாமதமாக வந்த பஸ்ஸில் எதை வெட்டுவார்கள்? டீசல் பஸ் என்றால் ஓட்டுநரின் ஓய்வை வெட்டிவிட்டு உடனே கிளப்புவார்கள், அது ஒரு அநியாயம். மின்சார பஸ்ஸில் சார்ஜை வெட்ட முடியாது, அடுத்த நடை போய்ச் சேராது. ஆகவே பஸ் நிற்கும், ஓட்டுநர் ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருப்பார். 2018-ல் நெதர்லாந்தில் பிராந்திய பஸ் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வேலைப் பளுவோடு சேர்ந்து எழுந்த கோரிக்கை, கழிப்பறைக்குப் போக நேரம் வேண்டும் என்பது. இத்தனை பெரிய தொழிலில் அதைக் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. சார்ஜர் கம்பத்துக்கு மின்இணைப்பு இழுக்கும்போதே பக்கத்தில் ஒரு கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாயும் இழுக்காத திட்டத்தை நான் பாதித் திட்டம் என்றுதான் சொல்வேன்.

இதனால் முனைய சார்ஜ் மோசம் என்றாகிவிடாது. நிறுத்தும் நேரத்தை 15 நிமிடமாக்கி, அதற்குத் தகுந்தபடி தடத்தில் ஒரு பஸ் கூட்டினால் அருமையாக ஓடும். அந்தக் கூடுதல் பஸ்ஸையும் ஆளையும் விலைப்பட்டியலில் சேர்த்த பிறகும் சின்ன பேட்டரி மலிவாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பல தடங்களில் இருக்காது.

ஹைட்ரஜன்

ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து பஸ்ஸுக்குள்ளேயே மின்சாரம் எடுத்து ஓடுவது இந்த முறை. டியூட்டி பட்டியலை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் ஹைட்ரஜன்தான் முதல் மாணவன். 350 பார் அழுத்தத்தில் பத்து நிமிடத்தில் நிரப்பலாம், நாள் முழுக்க ஓடும், பழைய டீசல் பட்டியலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். மேலாளர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்பது புரிகிறது. ஜெர்மனியில் கொலோன் வட்டாரப் போக்குவரத்து நிறுவனம் 100-க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் பஸ்களை வைத்திருக்கிறது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 8 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். ஆக 400 யூனிட்டைத் தாண்டுகிறது. அதே தூரத்துக்கு பேட்டரி பஸ் 120, 130 யூனிட்டில் முடித்துவிடும். பிரான்ஸின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்கள் வாங்கும் திட்டத்தை 2022 ஜனவரியில் கைவிட்டது. ஹைட்ரஜனில் ஓட்டக் கிலோமீட்டருக்கு 95 சென்ட், மின்சாரத்தில் 15 சென்ட் என்று கணக்குப் பார்த்ததுதான் காரணம். தவிர, நிரப்பும் நிலையம் ஒன்றுதான் இருக்கும். அது படுத்தால் அத்தனை பஸ்ஸும் படுக்கும், ஓட்டுநர்கள் சம்பளத்தோடு சும்மா உட்கார வேண்டியதுதான். பணிமனை ஆட்களுக்கு உயர் மின்னழுத்தம், உயர் அழுத்த வாயு என்று இரண்டு பயிற்சியும் வேண்டும். நகரத் தடத்துக்கு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

யாரும் பேசாத நான்காவது

பேட்டரி வைத்த டிராலி பஸ்: சாலைக்கு மேலே மின்கம்பி, கீழே பேட்டரி. கம்பி இருக்கும் இடத்தில் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறும், இல்லாத இடத்தில் பேட்டரியில் போகும். பிராக் நகரம் விமான நிலையத்துக்குப் போகும் தடத்தை 2024-ல் இப்படி மாற்றியது, 24 மீட்டர் நீள பஸ்கள், தடத்தின் ஒரு பகுதியில்தான் கம்பி. சார்ஜுக்காக எங்கும் நிற்பதில்லை என்பதால் முனையத்தில் கிடைக்கும் பத்து நிமிடமும் ஓட்டுநருடையது. கூட்டம் அதிகமுள்ள, மேடு உள்ள, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும் தடங்களுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். கம்பி போடுவது செலவு, அனுமதி வாங்குவது அதைவிடப் பெரிய வேலை. மற்ற தடங்களுக்குப் பெரிய பேட்டரியும் ராத்திரி சார்ஜும், பிரித்த டியூட்டியை நம்பாமல்.

தொலைதூர பஸ்

நகரத்துக்கு வெளியே போனால் கதை வேறு. அங்கே 45 நிமிட இடைவேளை விதி நேரடியாகப் பொருந்தும், அதுவே சார்ஜுக்கு வசதியும்கூட. 350 கிலோவாட்டில் 45 நிமிடம் நின்றால் 260 யூனிட், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் கனரக வாகன சார்ஜர்கள் 2030-க்குள் வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

இந்த நிலையில்தான் 2024 மே மாதம் சுற்றுலா பஸ்களுக்கான ஓய்வு விதி தளர்ந்தது. முன்பு 45 நிமிடத்தைப் பிரித்தால் 15, அப்புறம் 30 என்றுதான் எடுக்கலாம். இப்போது தலா 15 நிமிடத்துக்குக் குறையாத இரண்டு இடைவேளைகளாக விருப்பப்படி பிரிக்கலாம். பயணிகள் கேட்கும் இடத்தில் நிறுத்தலாம் என்பதால் ஓட்டுநர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இது நிம்மதி. சார்ஜுக்கு இது பாதகம். 350 கிலோவாட்டில் 15 நிமிடம் என்றால் 90 யூனிட்கூட வராது. வயரைச் செருகுவதும் கழற்றுவதும் வேலை நேரம், அந்த 15 நிமிடத்துக்குள் அதைச் சேர்க்க முடியாது, ஆகவே நிறுத்தம் இருபது நிமிடமாகும். இரண்டு முறை நிறுத்தினால் இரண்டு இடத்தில் சார்ஜர் காலியாகக் கிடைக்க வேண்டும், லாரிகளோடு வரிசையில் நின்று. மின்சார சுற்றுலா பஸ் வாங்கும் நிறுவனம் புதிய சலுகையைப் பயன்படுத்தாமல் பழைய 45-ஐ ஒரே மூச்சில் எடுக்கச் சொல்லும். ஓட்டுநர் புதிய சட்டத்தைக் காட்டுவார். மெகாவாட் அளவு சார்ஜர்கள் சாலையோரம் பரவலாக வரும் வரை இந்த இழுபறி ஓயப் போவதில்லை.