1780-ம் 1801-ம்: எதிர்ப்புப் போரின் இரு வழிகள்

சிறப்புப் படைகளின் போர்க் கோட்பாட்டில் மக்கள் எதிர்ப்பை அணுகும் வழிகள் இரண்டு. ஒன்று, அமெரிக்கப் படையினர் மரபுசாராப் போர் என்று வகுத்திருப்பது: பகைவனின் பிடியிலுள்ள நிலத்தில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் எதிர்ப்பை, வெளியிலிருந்து ஒரு புரவலர் ஆயுதமும் பணமும் பயிற்சியும் தந்து வளர்ப்பது. மற்றொன்று, ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகத்தின் முயற்சியில் உருவாகி, 2019-இல் சுவீடன் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியான கருத்தாக்கம்: நாடு பறிபோகும் முன்பே அரசே சட்டப்படி தன் மக்களுக்குள் எதிர்ப்பமைப்பை உருவாக்கி வைப்பது. இவற்றை எடைபோட இராமநாதபுரத்துக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இரண்டின் சாயலும் நம் சீமையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

காளையார்கோவிலில் 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், அவர் மனைவியும் சேதுபதி வீட்டு மகளுமான வேலு நாச்சியார் திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து மைசூரின் ஐதர் அலியின் துணையை நாடினார். சிவகங்கை மீண்டது 1780-இல். ஐதர் கும்பினிக்கு (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) எதிராகத் தம் சொந்தப் போரைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். புரவலரின் தேவையும் எதிர்ப்பாளரின் தேவையும் ஒன்றுசேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே முதல் வழியின் பெருங்குறை; நாச்சியார் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால், துணை கிடைத்தபோது போன சீமை திரும்பக் கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

1801-இல் சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் கும்பினியை எதிர்த்து எழுந்தபோது அந்தத் துணை இல்லை. ஐதரின் மகன் திப்பு 1799-இலேயே சீரங்கப்பட்டணத்தில் மாண்டிருந்தார். எனினும் உள்ளூர்க் கட்டமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு வலுவாக இருந்தது. கோட்பாட்டு நூல்கள் எதிர்ப்பியக்கத்தைத் தலைமறைவு அமைப்பு, துணைவலை, கொரில்லாப் படை என்று மூன்றாகப் பிரிக்கின்றன. இவற்றுள் துணைவலை என்பது அன்றாடத் தொழிலைச் செய்துகொண்டே சோறும் செய்தியும் ஒளிவிடமும் தரும் சாதாரண மக்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பியதும், இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்ததும் அத்தகைய மக்கள் இல்லாமல் நடந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் 16 அன்று மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டைச் சுவரிலேயே ஒட்டப்பட்டது.

பின் ஏன் தோற்றது? பீரங்கியும் படைபலமும் ஒரு காரணம். நான் அதற்கு இணையாக வைப்பது உரிமைச் சிக்கலை. சிவகங்கைப் பட்டத்துக்கு உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபரைக் கும்பினி முன்னிறுத்தியதும், மருதிருவரின் ஆட்சியுரிமை கேள்விக்குள்ளாகி மக்கள் பிளவுபட்டனர். அக்டோபர் 24 அன்று சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் யார் பெயரால் போராடுவது என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று இரண்டாம் கருத்தாக்கம் வலியுறுத்துவது இத்தகைய பிளவைத் தடுக்கத்தான். 1940-இல் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்தபோது அதன் மன்னர் ஏழாம் ஹாகோன் இலண்டனுக்குப் போய் அங்கிருந்தே தம் அரசை நடத்தியதால், உள்ளே போராடியவர்களுக்கு அந்தக் குழப்பம் பெருமளவு இல்லாமல் போயிற்று.

நம் கரையில் இரண்டாம் வழியின் ஒரு சிறு கூறு இன்றும் உண்டு. சாகர் கவச் என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையின்போது, ஊடுருவுபவர்களாக நடிக்கும் வீரர்கள் படகில் வருவார்கள். கரையோரக் காவலர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் மீனவர்களும் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தேவிபட்டினத்தில் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தலையை நிமிர்த்தாமலே எஞ்சின் ஓசையை வைத்து, வருவது யார் வள்ளம் என்று சொன்னதை நானே அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். எந்தப் புரவலரும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க முடியாத அறிவு அது.

அதனால்தான் நான் இரண்டாம் வழியையே அடித்தளமாகக் கொள்வேன். வெளித்துணை அதன்மேல் வரட்டும். நார்வேயில் அப்படித்தான் நடந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளிலிருந்து மீன்பிடிப் படகுகளே ஆளையும் ஆயுதத்தையும் கொண்டுவந்தன. கரையில் மீனவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால், அந்தக் கரை கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. அப்படி வந்தவர்களுக்கு ஒளிவிடம் தந்த தெலவோக் என்ற மீனவச் சிற்றூரை 1942 வசந்தத்தில் ஜெர்மானியர் தரைமட்டமாக்கினர். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தனர், படகுகளை மூழ்கடித்தனர், ஆண்கள் 72 பேரை ஜெர்மனிய வதைமுகாமுக்கு அனுப்பினர். அவர்களில் 31 பேர் திரும்பவில்லை. மரபுசாராப் போரில் இந்த விலையைப் புரவலர் தருவதில்லை, கரையோரத்துக் குடும்பங்களே தருகின்றன. முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் வழியிலும் அவர்கள்தான் தருகிறார்கள். ஆனால் அங்கே சட்டம் இயற்றும்போதே, அமைதிக் காலத்திலேயே, அவர்களிடம் சம்மதம் கேட்க இடமிருக்கிறது.