பழைய 150 சிசி-யில் செல்ஃப் மந்தம்: பேட்டரியை மாற்றாமல் சரியானது, இன்றுவரை எப்படி ஓடுகிறது

வண்டி 2009 மாடல், 150 சிசி, கார்புரேட்டர், கிக்கரும் செல்ஃபும் இரண்டும் உண்டு. கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்த வயசில் எந்த வண்டிக்கும் வரக்கூடிய வியாதிதான். பட்டனை அழுத்தினால் டக் டக் என்று ரிலே (பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ஸ்விட்ச்) மட்டும் அடிப்பது ஒரு வகை, மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி என்ஜின் அசையாமல் நிற்பது இன்னொரு வகை (அது மோட்டார் சுற்றுவதை என்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் சமாச்சாரம்). என் வண்டியில் இரண்டும் இல்லை. என்ஜின் சுற்றும், ஆனால் உர்ர்... உர்ர்... என்று பிஸ்டன் காற்றை அமுக்கும் ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் முக்கி முக்கித்தான் சுற்றும். கோத்தகிரியில் மார்கழிக் காலையில் அப்படி இழுத்தால் ஆயில் கெட்டியாக இருக்கிறது, பேட்டரி குளிர்ந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது நேர்மாறு. காலையில் பரவாயில்லாமல் எடுக்கும், கோவை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் அணைத்தால் அப்புறம் கிக்கர்தான்.

சூட்டில் மட்டும் மோசமானால் பேட்டரியைவிட மோட்டார் மேலும் வயர் மேலும்தான் எனக்குச் சந்தேகம் வரும். செம்பு சூடேறச் சூடேற மின்தடை கூடும், 75 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 30 சதவீதம். மோட்டார் என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அதற்குள் இருக்கும் காந்தமும் சூட்டில் கொஞ்சம் வலு இழக்கும். நல்ல நிலையில் இருக்கும் செட்டப் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே எங்கோ வோல்ட் ஒழுகிக்கொண்டிருந்தால் தாங்காது.

மெக்கானிக் தம்பி பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, “பேட்டரி போயிருச்சுங்ண்ணா, மாத்திருங்க” என்றார். எங்கே போனாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஹெட்லைட் மங்குதா பார் என்று இன்னொரு யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதே இல்லை, என்ஜின் ஓடினால்தான் என்ஜினோடு சுற்றி மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக எரியும். அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? ஹார்ன், இண்டிகேட்டர் பார்த்தால் கொஞ்சம் துப்பு கிடைக்கும், ஆனால் அவை இழுப்பது சில ஆம்பியர். செல்ஃப் மோட்டார் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் கேட்கும்.

அதனால் மல்டிமீட்டரை எடுத்தேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் அளக்க முடியாது, அதற்காக பிளக் கேப்பைப் பிடுங்கி அந்தரத்தில் விடவும் கூடாது, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலும் சிடிஐ-யும் அடி வாங்கும். பழைய பிளக் ஒன்றை கேப்பில் மாட்டி அதன் உலோகப் பகுதி என்ஜினில் நன்றாகத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற பிளக் அப்படியே இருப்பதால் கம்ப்ரஷனும் இருக்கும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.7 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி டெர்மினலிலேயே வைத்துப் பார்த்தால் 11.1. இது நல்ல பேட்டரி, பத்துக்குக் கீழே போயிருந்தால்தான் அதைச் சந்தேகப்படணும். அதே நேரம் மோட்டாரில் கேபிள் மாட்டும் ஸ்டட்டுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே வெறும் 8.6. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஒவ்வொரு துண்டாக அளந்தேன்: ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கு நடுவே 1.1, பாசிட்டிவ் கேபிளிலும் அதன் முனைகளிலும் சேர்த்து 0.5, பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டார் பாடி வரை 0.9. மொத்தமாக அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் கணக்கு.

இதே வயர்களை மீட்டரின் பீப் மோடில் (இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கும்) வைத்துப் பார்த்தால் எல்லாமே சத்தம் கொடுத்தன. கொடுக்கத்தான் செய்யும். கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அனுப்புகிற துளி கரண்டுக்கு அது போதும். 80 ஆம்பியர் ஓடும்போது 0.03 ஓம் தடையே 2.4 வோல்ட்டைத் தின்றுவிடும், நம்மிடம் இருக்கும் மலிவு மீட்டரின் வயருக்கே அதைவிட அதிகத் தடை. லோடில், அதாவது செல்ஃப் அடிக்கும்போது, வோல்ட் பார்ப்பதைத் தவிர வேறு வழியில் இது மாட்டாது.

எர்த் வயரை என்ஜினில் மாட்டிய இடத்தில் போல்ட்டைக் கழற்றினால் கீழே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எமரி போட்டு அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் தடிமனான எர்த் கேபிள் ஒன்று செய்து வாங்கி மாட்டினேன். ரிலே புதுசு. மொத்த இழப்பு 0.4-க்கு வந்தது, சுற்றுகிற வேகம் கேட்டாலே தெரிந்தது.

ஆனால் சூட்டில் இன்னும் லேசாக இழுத்தது. சரி, மோட்டாரையும் பார்த்துவிடலாம் என்று இறக்கினேன். நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டே போல்ட். ஸ்டட்டில் இருக்கும் வெளி நட்டைத் திருகும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஸ்டட் கூடவே சுற்றி உள்ளே இருக்கும் இன்சுலேஷன் உடையும். பாடிக்கும் இரண்டு மூடிகளுக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத் திறந்தால், உள்ளே கரி. சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அதன் செம்பு வயர் ஹோல்டரின் விளிம்பில் போய் முட்டிக்கொண்டிருந்தது, ஸ்பிரிங்கால் இனி அழுத்த இடமில்லை. பிரஷ் உரசும் செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர் கறுத்து, துண்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளமெல்லாம் கரித்தூளால் நிரம்பிச் சமமாகிவிட்டது. நைஸ் எமரியால் சுற்றித் துடைத்து, உடைந்த ஹேக்ஸா பிளேடு முனையால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினேன். துண்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் பீப் வரக்கூடாது, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு வரணும். இரண்டும் சரி. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷில் ஆட்டமில்லை. பிரஷ் செட் இருநூறு ரூபாய்க்குள். ஷாஃப்ட் முனையில் இருக்கும் மெல்லிய வாஷர்களை எந்த வரிசையில் எடுத்தோமோ அதே வரிசையில் போடணும், ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவினால் அலுங்காமல் உள்ளே போகும்.

இது நடந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. முதலில் வாங்கிய மலிவு ரிலே ஒரு வருஷம்தான் தாங்கியது, மறுபடி அளந்தபோது அதில் மட்டும் 0.8 காட்டியது. உடைத்துப் பார்த்தால் காண்டாக்ட் குழிகுழியாக எரிந்திருந்தது. அப்புறம் கொஞ்சம் விலை கூடியதாகப் போட்டேன், அது இன்றும் நன்றாக இருக்கிறது. மெக்கானிக் மாற்றச் சொன்ன பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது. ஆனால் சமீபமாக லோடில் பத்தரையைத் தொடுகிறது, ரேஸ் கொடுத்தால் சார்ஜிங் 14.2 வருவதால் குறை பேட்டரியின் வயசுதான், அடுத்த தீபாவளிக்கு முன்னால் மாற்ற வேண்டியிருக்கும். எர்த் போல்ட்டை ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுகிறேன், அதற்கு ஐந்து நிமிஷம்.

இப்போது மே மாத மதியத்திலும் ஒரே அழுத்தில் எடுக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பட்டனை விடும்போது கிர்ரக் என்று ஒரு சத்தம் வருகிறது, ஒன்வே கிளட்ச்சில் தேய்மானம் தொடங்கியிருக்கலாம். அதைப் பார்க்க மேக்னெட் கவரைத் திறக்கணும், ஆயிலை வடிக்கணும், புது கேஸ்கெட்டும் வேணும். அடுத்த ஆயில் சர்வீஸோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.